போர் போட்டாலும் உப்புத் தண்ணி… அருப்புக்கோட்டை, திருச்சுழி பள்ளிகளுக்கு 'நல்ல தண்ணி' கிடைக்க என்ன வழி?

ஒரு கிராமத்துப் பள்ளியில் போய் "தண்ணி வசதி இருக்கா?" என்று கேட்டால், பெரும்பாலும் "இருக்கு" என்றுதான் பதில் வரும். வளாகத்தில் ஒரு போர்வெல் இருக்கும், பக்கத்தில் சின்டெக்ஸ் தொட்டி இருக்கும், நாலு குழாயும் இருக்கும். ஆனால் "அதைக் குடிக்கலாமா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால், அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி பக்கத்தில் பல ஊர்களில் பதில் மாறிவிடும். "அது புழங்குற தண்ணிங்க. குடிக்க வீட்டுல இருந்து பாட்டில்ல கொண்டு வரணும்" என்பார்கள்.

இந்தப் பகுதி மக்கள் தண்ணீரை எப்போதுமே இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி. நல்ல தண்ணிக் கிணறு எங்கே இருக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடம் கட்டிய இடத்துக்கு அடியில் அந்த நல்ல தண்ணி இருக்குமா என்பதுதான் சிக்கல்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஏற்கெனவே நடக்கிறது. அதாவது, அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் ஒரு குழந்தை நாளில் இரண்டு வேளை அங்கேயே சாப்பிடுகிறது. சமைக்க, குடிக்க, கை கழுவ, கழிப்பறைக்கு என எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். தண்ணீர் சரியில்லை என்றால் இந்தத் திட்டங்களின் பலனில் ஒரு பங்கு வயிற்றுப்போக்கிலேயே போய்விடும்.

தோண்டினால் ஏன் உப்பாக வருகிறது?

திருச்சுழிக்கு அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு தலபுராணக் கதை உண்டு. பெருவெள்ளம் வந்தபோது சிவன் அதைச் சுழித்து பூமிக்குள் இறங்கச் செய்தார் என்பார்கள். கதையில் வெள்ளம் முழுக்க மண்ணுக்குள் போய்விட்டது. நிஜத்தில் இந்த மண் தண்ணீரை அவ்வளவு சுலபமாக உள்ளே விடாது.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு சராசரியாக சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான். இந்தத் தாலுகாக்களில் பரந்து கிடப்பது கரிசல் மண். மழை பெய்ததும் கரிசல் உப்பிப் பிசுபிசுவென்று ஆகிவிடும். தண்ணீரைக் கீழே இறங்க விடாது. வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே தங்கிய நீர் ஆவியாகிப் போகும்போது, அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் மண்ணிலேயே நின்றுவிடும். அடுத்த மழை அந்த உப்பையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டு கீழே போகும்.

அதற்கும் கீழே இருப்பது கடினப் பாறை. ஆற்றுப் படுகை மாதிரி மணல் அடுக்கில் தண்ணீர் தேங்கி நிற்கும் நிலம் இது இல்லை. பாறையின் மேல்பகுதி சிதைந்து பொடியாக இருக்கும் அடுக்கிலும், பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் இருக்கும். வெடிப்பு கிடைத்தால் தண்ணீர் வரும். பத்தடி தள்ளிப் போட்டால் புகைதான் வரும். ஆழம் போகப் போக, தண்ணீர் பாறையோடு உறவாடிய காலமும் கூடும். அவ்வளவு காலம் பாறையில் இருக்கும் உப்பும், சில இடங்களில் ஃபுளோரைடும் அதில் கரையும். பந்தல்குடி பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் இருப்பது தெரிந்த விஷயம். சுண்ணாம்புப் பாறை உள்ள இடத்தில் தண்ணீர் 'கடின நீர்' ஆகிவிடும். சோப்பு நுரைக்காது, பருப்பு சீக்கிரம் வேகாது.

ஆக, "இன்னும் நூறு அடி இறக்கினால் நல்ல தண்ணி வரும்" என்ற நம்பிக்கை இங்கே பல நேரம் பலிக்காது. ஆழம் கூடினால் செலவும் உப்பும் சேர்ந்து கூடுவதற்கே வாய்ப்பு அதிகம்.

நாக்கு சொல்வதை நம்பலாமா?

உப்பு இருக்கிறதா என்பதை நாக்கு சொல்லிவிடும். ஆனால் மற்றவற்றைச் சொல்லாது. ஃபுளோரைடு, நைட்ரேட், மலக்கிருமி ஆகிய மூன்றுக்கும் குடிக்கும் அளவில் ருசி கிடையாது. தேனாக இனிக்கும் கிணற்றுத் தண்ணீரில்கூட இவை இருக்கலாம்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 (2012) என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

மொத்தக் கரைந்த உப்புகள், அதாவது டிடிஎஸ்: லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை அனுமதி.

ஃபுளோரைடு: 1 மில்லிகிராம் வரை. வேறு வழியில்லை என்றால் 1.5.

நைட்ரேட்: 45 மில்லிகிராம். இதற்கு மேல் தளர்வே கிடையாது.

ஈ.கோலை என்ற மலக்கிருமி: 100 மில்லிலிட்டர் மாதிரியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஃபுளோரைடு குழந்தைகளுக்கு ஏன் ஆபத்து? நிரந்தரப் பற்கள் உள்ளே உருவாகும் வயது சுமார் எட்டு வரை. அந்த வயதில் அளவுக்கு மேல் ஃபுளோரைடு போனால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். அது தேய்த்தால் போகாது. பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். நைட்ரேட் கைக்குழந்தைகளுக்கு ஆகாது. ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் குறைத்துவிடும். பள்ளி வளாகத்திலேயே அங்கன்வாடி இருக்கும் ஊர்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

"கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடாதா?" என்று கேட்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் மூன்றும் அப்படியே இருக்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

ஒரு பள்ளிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

இங்கேதான் ஒரு எளிய கணக்கு தேவைப்படுகிறது. பகல்நேரப் பள்ளிக்கு ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. 60 பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். 60 x 45 = 2,700 லிட்டர்.

ஆனால் ஒரு பிள்ளை பள்ளி நேரத்தில் குடிப்பது அதிகபட்சம் 2 லிட்டர்தான். 60 பேருக்கு 120 லிட்டர். சமையலுக்கும் சேர்த்தால் சில நூறு லிட்டர். மீதி எல்லாம் கழிப்பறை, கை கழுவுதல், பாத்திரம் துலக்குதல், செடிக்கு ஊற்றுதல்.

அப்படியென்றால் 2,700 லிட்டரையும் நல்ல தண்ணீராகக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. வீடுகளில் பெண்கள் காலங்காலமாகச் செய்வதும் இதுதான்; குடிக்க ஒரு குடம், புழங்க ஒரு தொட்டி. பள்ளியில் இருக்கும் உப்புப் போர்வெல்லை கழிப்பறைக்கும் கழுவுவதற்கும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனி நல்ல தண்ணிக் கிணற்றையோ குழாயையோ தேடினால், பிரச்னை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இரண்டு குழாய்களுக்கும் வேறு வேறு நிறம் அடித்து, "குடிநீர்", "புழங்கும் நீர்" என்று பெரிதாக எழுதிவிட வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து தெரியாவிட்டாலும் நிறம் தெரியும்.

முன்னோர்கள் எங்கே கிணறு வெட்டினார்கள்?

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் 'ஊருணி' இல்லாத ஊர் அபூர்வம். கண்மாய் வயலுக்கு, ஊருணி குடிப்பதற்கு. மழைநீர் ஓடி வந்து சேரும் வரத்துக்காலைச் சுத்தமாக வைத்திருப்பார்கள். குளிக்க விடமாட்டார்கள், மாடு இறக்க விடமாட்டார்கள். பல ஊர்களில் நல்ல தண்ணிக் கிணற்றை ஊருணிக் கரையிலோ உள்ளேயோதான் வெட்டியிருப்பார்கள்.

காரணம் சுலபம். உப்பு நிலத்தில் மழைநீர் தேங்கி நிற்கும் இடத்தைச் சுற்றி, அந்த மழைநீர் மண் வழியாக ஊறி நிலத்தடி உப்பு நீருக்கு மேலே ஓர் அடுக்காக நிற்கும். அந்த மேல் அடுக்கை மட்டும் தொடும் அளவுக்கு ஆழம் குறைந்த கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். மண்ணே வடிகட்டியாக வேலை செய்யும். அதே இடத்தில் 300 அடிக்கு போர் போட்டால் உப்பு நீரைத்தான் உறிஞ்சும். குண்டாறு, கிருதுமால் நதி ஓரங்களில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்ததும் இதே கணக்குதான்.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, தென்மாவட்ட வறண்ட பகுதிகளில் ஊருணிகளை ஊர்மக்களின் பங்களிப்போடு தூர்வாரிச் சீரமைத்து வருகிறது. ஊருணிக்குப் பக்கத்தில் மணல் வடிகட்டியோடு ஒரு கிணறு அமைத்து, அதன் மேல் கைப்பம்பு வைப்பது இதில் ஒரு முறை. யாரும் ஊருணிக்குள் கால் வைத்து இறங்க வேண்டியதில்லை என்பதால் தண்ணீர் அசுத்தமாவது குறையும்.

பள்ளிக்குக் கிணறு தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். வளாகத்துக்குள்ளேயே கிணறு இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அரை கிலோமீட்டர் தள்ளி ஊருணிக் கரையில் நல்ல தண்ணி இருந்தால், அங்கிருந்து குழாய் போடுவது, வளாகத்துக்குள் மூன்று முறை போர் போட்டுத் தோற்பதைவிட மலிவாக முடியலாம்.

கூரை மேலே ஒரு கிணறு

இன்னொரு வழியும் இருக்கிறது. தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது நினைவிருக்கும். பல இடங்களில் அது ஒரு குழாயும் ஒரு குழியுமாக நின்றுபோனது. ஆனால் பள்ளிக்கு அது குடிநீர் ஆகலாம்.

இரண்டு வகுப்பறையும் வராந்தாவும் சேர்த்து 100 சதுர மீட்டர் கூரை என்று வைப்போம். 800 மி.மீ. மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஆண்டுக்கு 64,000 லிட்டர் கிடைக்கும். 60 பிள்ளைகள் நாளுக்கு 120 லிட்டர் வீதம் 220 பள்ளி நாட்களுக்குக் குடிக்க 26,400 லிட்டர் போதும். மழைக்கும் பள்ளிக்கூட நாட்காட்டிக்கும் ஒரு பொருத்தமும் உண்டு. தொட்டி வறளும் மே மாதத்தில் பள்ளி விடுமுறை. ஜனவரி முதல் செப்டம்பர் வரை விடுமுறை நாட்களைக் கழித்தால் சுமார் 155 நாள்தான் சமாளிக்க வேண்டும். அதற்கு 18,600 லிட்டர் வேண்டும். அதாவது, 20,000 லிட்டர் மூடிய தொட்டி ஒன்று இருந்தால் குடிநீர்க் கணக்கு சரியாகிவிடும்.

முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். அதில் தூசியும் பறவை எச்சமும் இருக்கும். தொட்டிக்கு முன்னால் மணல், ஜல்லி வடிகட்டி வேண்டும். தொட்டிக்கு வெளிச்சமும் கொசுவும் போகக் கூடாது. மிச்ச நீரைப் பள்ளிக் கிணற்றுக்குள் திருப்பிவிட்டால், கிணற்று உப்பும் வருஷத்துக்கு வருஷம் குறைய வாய்ப்புண்டு.

கிணறு போடும்போது எங்கே தப்பு நடக்கிறது?

இடம் பார்ப்பதில்தான் முதல் தப்பு. தேங்காய், வேப்பங்குச்சி வைத்து நீரோட்டம் பார்ப்பது இன்றும் நடக்கிறது. மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளக்கும் புவியியல் ஆய்வு, எந்த ஆழத்தில் சிதைந்த பாறை, எங்கே வெடிப்பு, எங்கே உப்பு நீர் என்று ஓரளவு சொல்லிவிடும். துளை போடும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு சிறியது.

கழிப்பறைக்குப் பக்கத்தில் போடுவது அடுத்த தப்பு. செப்டிக் டேங்க்கோ உறிஞ்சுகுழியோ இருக்கும் இடத்திலிருந்து குறைந்தது 15 மீட்டர், அதாவது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். பாறை வெடிப்பு உள்ள நிலத்தில் இன்னும் தள்ளி இருந்தால் நல்லது. வெடிப்பு வழியாகக் கழிவுநீர் வேகமாக ஓடிவிடும்.

கேசிங் பைப்பில் மிச்சம் பிடிப்பது இன்னொன்று. மேல் மண் முடிந்து கெட்டிப் பாறை வரும் வரை கேசிங் இறக்க வேண்டும். தரைக்கு மேலேயும் ஓரடிக்குக் குறையாமல் நிற்க வேண்டும். சுற்றிலும் சிமென்ட் மேடையும், தண்ணீர் வடிந்து ஓட வாய்க்காலும் வேண்டும். இது இல்லாவிட்டால் மழைக்காலத்தில் மேல் அழுக்கு பைப்பை ஒட்டியே கீழே இறங்கும்.

தோற்றுப்போன போரை அப்படியே விடுவது எல்லாவற்றையும்விட மோசமான தப்பு. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்ததைத் தமிழகம் மறக்காது. கைவிடப்பட்ட துளையைக் களிமண், மணல், கற்களால் அடிமுதல் மேல்வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. பள்ளி வளாகத்தில் அப்படி ஒரு துளை இருந்தால் அதை மூடுவதுதான் முதல் வேலை.

ஆர்.ஓ. வைத்தால் முடிந்ததா?

நன்கொடையாளர்கள் பள்ளிக்கு விரும்பிக் கொடுப்பது ஆர்.ஓ. இயந்திரம். உப்பையும் ஃபுளோரைடையும் அது நன்றாகவே நீக்கும். ஆனால் உள்ளே போகும் தண்ணீரில் கணிசமான பங்கு இன்னும் அதிக உப்போடு வெளியேறும். அந்தக் கழிவு நீரைக் கிணற்றுப் பக்கமே விட்டால், எடுத்த உப்பு திரும்பக் கிணற்றுக்கே போகும். சவ்வு மாற்ற வேண்டும், மின்சாரம் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். இதற்கு ஆண்டுதோறும் யார் பணம் கட்டுவது என்று முடிவு செய்யாமல் வைத்த இயந்திரம், சில வருஷத்தில் ஒரு மூலையில் தூசி படிந்து நிற்கும்.

பம்பைவிடப் பராமரிப்பு முக்கியம் என்பது தமிழகத்துக்குப் புதிய பாடம் இல்லை. 1970களில் யுனிசெஃப் உதவியோடு உருவான 'இந்தியா மார்க் 2' கைப்பம்பு கோவைப் பகுதியில் சோதிக்கப்பட்டு, சென்னையில் தயாரிப்புக்கு வந்து, பிறகு உலகின் பல நாடுகளுக்குப் போனது. அதே காலத்தில், 1976இல் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு மூன்றடுக்குப் பராமரிப்பு முறை முயன்று பார்க்கப்பட்டது. ஊரில் பம்பைக் கவனிக்க ஒருவர், வட்டாரத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் ஒரு பழுதுநீக்கும் குழு. பெரிய பழுது வரும் முன்பே ஊர்க்காரர் நட்டு போல்ட்டை முறுக்கிவிடுவார். முடியாவிட்டால் தகவல் மேலே போகும்.

குழாய் வந்துவிட்டதே, கிணறு எதற்கு?

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு நபருக்கு நாளுக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. பள்ளிகள், அங்கன்வாடிகளுக்குக் குழாய் கொடுக்க 2020 அக்டோபர் 2 முதல் 100 நாள் சிறப்பு இயக்கமும் நடந்தது. திட்டக் காலத்தை 2028 வரை நீட்டிப்பதாக 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இன்னொரு பக்கம், ஆற்று நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும் உள்ளன. ஃபுளோரைடு பாதித்த தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கிணறுகளை நம்ப முடியாது என்று முடிவு செய்து, ஒகேனக்கல் காவிரி நீரைக் கொண்டுவந்தது 2013இல் நடைமுறைக்கு வந்தது.

இருந்தாலும், கூட்டுக் குடிநீர்க் குழாயின் கடைசி முனையில் இருக்கும் ஊருக்கு எல்லா நாளும் தண்ணீர் வருவதில்லை. எங்கோ குழாய் உடைந்தாலோ, ஆற்றில் நீர் குறைந்தாலோ முதலில் வறள்வது அந்த முனைதான். அன்றைக்குக் கைகொடுப்பது உள்ளூர்க் கிணறும் கூரைத் தொட்டியும்தான்.

தொட்டியைப் பூட்டுவதும் முக்கியம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் பயன்படுத்திய மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம் ஆகியவற்றைச் சாதியின் பெயரால் யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது. பள்ளிக் கிணறு எந்தத் தெருப் பக்கம் அமைகிறது, விடுமுறை நாளில் யார் யார் வந்து குடம் பிடிக்கலாம் என்பதைக் கிணறு வெட்டும் முன்பே ஊர் பேசி முடித்துவிடுவது நல்லது.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களுக்கு இடம் இருக்கிறது. கிராம சபையும் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று உலக தண்ணீர் தினமான மார்ச் 22. அங்கே இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்.

1. பள்ளிக் குடிநீர் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? ரசாயனப் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை, கிருமிப் பரிசோதனை மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முறை நடக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகம் உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு, களப் பரிசோதனைப் பெட்டி மூலம் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார்?

2. அந்த முடிவு பள்ளிச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறதா? டிடிஎஸ், ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி என்ற நான்கு வரி போதும்.

3. தொட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவுகிறார்களா? கழுவிய தேதி எழுதியிருக்கிறதா?

4. குளோரின் போடுகிறார்களா? ஆயிரம் லிட்டருக்கு சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் விட்ட பிறகு, குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும்.

5. மோட்டார் பழுதானால் யாரிடம் சொல்ல வேண்டும், எத்தனை நாளில் சரியாகும்? ஊராட்சியா, பள்ளியா என்று இரண்டு பக்கமும் கை காட்டினால், அதைத் தீர்மானமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடக்காவிட்டால் முதல்வரின் உதவி மைய எண் 1100இல் புகார் பதிவு செய்யலாம்.

இதையெல்லாம் ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு யோசித்தால் தாமதம். கோடை விடுமுறையிலேயே ஊருணி வரத்துக்காலைச் சுத்தம் செய்து, கூரைக் குழாயை மாட்டி, தண்ணீர் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டால், அக்டோபரில் விழும் முதல் நல்ல மழை வீணாகாது.